சிவந்த தோலும் உவர்த்த பாலாறும்

உப்பிட்ட பண்டம் கெடாது என்பது நம் தேசத்தில் எழுத்தறியாதவரும் அறிந்த சாஸ்திரம். ஊறுகாய்ச் சாடியும், கருவாட்டுக் கூடையும், வற்றல் பானையும் அந்த நம்பிக்கையின்மீதே நிற்கின்றன. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் நடைபெறும் தோல் பதனிடும் பெருந்தொழிலுக்கும் அதுவே அஸ்திவாரம். உரித்த தோல் நம் வெயிலில் சில மணி நேரத்துக்குள் அழுகத் தொடங்கிவிடும். அதைத் தடுக்கும்பொருட்டு, பச்சைத் தோலின் எடையில் 100-க்கு 40 பங்கு அளவுக்கு உப்பைத் தேய்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மண்டிக்கும் அங்கிருந்து தொழிற்சாலைக்கும் அனுப்புகிறார்கள்.

ஆயினும், தோல் வியாபாரத்தில் பழகியவர்கள் வேறொரு செய்தியையும் அறிவார்கள். நிறைய உப்பிட்டு அடுக்கிய தோலிலும், கோடைப் புழுக்கத்தில், சதைப்புறத்தில் இளஞ்சிவப்பான திட்டுகள் தோன்றுவதுண்டு. ஆங்கில வியாபாரிகள் அதற்கு ‘ரெட் ஹீட்’ என்று பெயரிட்டார்கள். கவனியாமல் விட்டால் திட்டு பரவும், மயிர்க்கால் இளகும், தோலின் மேற்பரப்பு பழுதுபடும், விலை இறங்கும். உப்புப் போதாமையால் வந்த கேடு என்று எண்ணி மேலும் உப்பைக் கொட்டுவது இதற்குப் பரிகாரம் ஆகாது. ஏனெனில் அந்தச் சிவப்பு, உப்போடு கூடவே வந்து சேர்ந்த ஓர் உயிரின் நிறம்.

அந்த உயிரைப் பற்றியும், அந்த உயிருக்கும் எமனாக விளங்கும் வைரஸைப் பற்றியும் இன்று நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். அரசியல் கவலை மிகுந்த நாளில் கண்ணுக்குத் தெரியாத கிருமியைப் பற்றி ஒரு தினசரி ஏன் எழுத வேண்டும் என்று சிலர் கேட்கலாம். பாலாற்றங்கரைக் குடியானவனின் கிணறும், தோல் தொழிலாளியின் கூலியும் இந்த விஷயத்தோடு பின்னிக் கிடக்கின்றன என்பதே நம் விடை.

உப்பையே உயிராகக் கொண்டவை

கனடா தேசத்தில் லாக்ஹெட் என்ற விஞ்ஞானி, உப்பிட்ட தோல் சிவப்பதன் காரணத்தை ஆராய்ந்து, 1934-ஆம் வருஷத்தில் தம் முடிவுகளை வெளியிட்டார். தாம் பிரித்தெடுத்த நுண்ணுயிர்களில் ஒன்றுக்கு, தோலைச் சிவக்கச் செய்வது என்ற கருத்தமைந்த லத்தீன் சொற்களால் ‘குட்டிருப்ரா’ என்று பெயர் சூட்டினார். இன்று ‘ஹாலோபாக்டீரியம் சலினாரம்’ என்று வழங்கும் இனத்துக்கு மூல மாதிரியாகப் பரிசோதனைச்சாலைகளில் போற்றிக் காக்கப்படும் வித்தும், உப்பிட்ட மாட்டுத் தோலிலிருந்து எடுக்கப்பட்டதுதான். ஆகவே இந்த உயிரைப் பற்றிய சாஸ்திரத்துக்குத் தோல் கிடங்கும் ஒரு பிறந்தகம் என்று சொன்னால் மிகையாகாது.

பெயரில் பாக்டீரியம் என்ற சொல் ஒட்டிக்கொண்டிருந்தாலும் இது பாக்டீரியா அன்று. 1977-ஆம் வருஷத்தில் அமெரிக்காவின் இலினாய் சர்வகலாசாலையைச் சேர்ந்த கார்ல் வோஸ், ஜார்ஜ் ஃபாக்ஸ் என்ற இருவரும், உலகத்து உயிர்க்குலத்தில் பாக்டீரியாவிலிருந்தும், செடி கொடி விலங்கு மனிதர் அடங்கிய கிளையிலிருந்தும் வேறான மூன்றாவது கிளை ஒன்று உண்டு என்று காட்டினார்கள். ஆர்க்கியா என்பது அக்கிளையின் பெயர். கொதிக்கும் ஊற்றிலும், காற்றில்லாச் சேற்றிலும், தெவிட்டிய உப்பு நீரிலும் குடியிருப்பவை பல அந்தக் குலத்தைச் சேர்ந்தவை.

கடல் நீரில் 100-க்கு மூன்றரைப் பங்கு உப்பு உண்டு. இனி ஒரு கல் உப்பும் கரையாது என்னும்படி தெவிட்டிய நீரில் ஏறக்குறைய 26 பங்கு உப்பு இருக்கும். நம் உடலின் அணுக்களை அதில் இட்டால், உள்ளிருக்கும் ஜலம் வெளியே இழுக்கப்பட்டு அவை சுருங்கி மடியும். உப்பு விரும்பும் ஆர்க்கியாவோ தன் உடலுக்குள்ளேயே பொட்டாசியம் உப்பை மிகுதியாகச் சேர்த்து வைத்து, வெளி உப்பின் இழுப்புக்கு ஈடு கொடுக்கிறது. அதன் புரதங்களும் அந்த உப்பின் நடுவே உருக்குலையாத வண்ணம் அமைந்திருக்கின்றன. இந்த ஏற்பாட்டுக்கு விலையும் உண்டு. உப்பு மிகவும் குறைந்து நல்ல தண்ணீர் சூழ்ந்துவிட்டால், அந்த உயிர் வெடித்துச் சிதறிப்போகும். நமக்கு எமனாக இருப்பது அதற்கு அன்னம். நமக்கு அமுதமான ஜலம் அதற்கு நஞ்சு.

அதன் சிவப்பு நிறம், காரட்டுக்கு நிறம் தரும் பொருளோடு உறவுடைய ஒரு சாயத்தால் உண்டாவது. கொளுத்தும் வெயிலின் கேட்டிலிருந்து அது உயிரைக் காக்கிறது. கோடையில் உப்பளத்தின் கடைசிப் பாத்திகள் இளஞ்சிவப்பாய் மாறுவதன் ரகசியமும் இதுவே. உப்பு படிகமாகும்போது, அதற்குள் சிறைப்படும் நுண்ணிய நீர்த்துளிகளில் இந்த உயிர்களும் அகப்பட்டுக்கொள்ளும். அப்படியே மூட்டையில் ஏறி, இரயிலிலும் லாரியிலும் பிரயாணம் செய்து, தோலின்மீது தேய்க்கப்பட்டதும், புழுக்கமும் ஈரமும் புரதமும் கண்டு விழித்துக்கொள்கின்றன. அவை உப்பைத் தின்பதில்லை என்பதை நேயர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். உப்பு அவற்றுக்கு வீடு; தோலின் புரதமே உணவு.

எமனுக்கும் எமன்

உப்பிட்ட இடத்தில் வேறு எதிரி நுழைய முடியாது. சாதாரணக் குளத்தில் நுண்ணுயிர்களை மேய்ந்து தின்னும் சிற்றுயிர்கள் உண்டு. ஸ்பெயின் தேசத்தின் சாந்தா போலா உப்பளங்களில் நடந்து 1996-ஆம் வருஷத்தில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், உப்பு 100-க்கு 25 பங்கை எட்டும் பாத்திகளில் அத்தகைய மேய்ச்சல் காணப்படவில்லை. ஆனால் வைரஸ்கள் மட்டும் குறையவில்லை. உப்பு ஏற ஏறப் பெருகின. படிகப் பாத்தியின் ஒரு மில்லி லிட்டர் நீரில் அவற்றின் தொகை 100 கோடி வரை போயிற்று.

வைரஸ் என்பது தனித்து வாழவோ பெருகவோ சக்தியற்றது. ஓர் உயிரணுவுக்குள் புகுந்து, அதன் கருவிகளையே தன் வேலைக்கு அமர்த்தி, தன் பிரதிகளைச் செய்வித்துக்கொள்வது அதன் இயல்பு. உப்பு விரும்பும் உயிருக்கும் வைரஸ் உண்டு என்பதை 1974-ஆம் வருஷத்தில் நார்வேயைச் சேர்ந்த டோர்ஸ்விக், டுண்டாஸ் இருவரும் வெளியிட்டார்கள். ஆர்க்கியா என்ற குலமே அப்போது அறியப்படவில்லை. குலத்துக்குப் பெயர் சூட்டுவதற்கு மூன்று வருஷம் முன்னதாகவே அக்குலத்தின் சத்துரு அகப்பட்டுவிட்டது.

பின்னர் பல தேசத்து உப்பு நீர்களிலிருந்து இவை வரிசையாக வெளிவந்தன. தலையும் வாலும் கொண்டவை சில. நூல் நூற்கும் கதிரைப் போல் இரு முனையும் கூர்த்தது ஒன்று ஆஸ்திரேலியாவில் கிடைத்து, 1998-ஆம் வருஷத்தில் வெளியாயிற்று. உருண்டையான உறைக்குள் கொழுப்புச் சவ்வைப் பொதிந்து வைத்தது மற்றொன்று. பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி சர்வகலாசாலையார் 2009-ஆம் வருஷத்தில் விவரித்த இன்னொன்றுக்கு நிலையான உருவமே கிடையாது. தான் குடிபுகுந்த உயிரைக் கொல்லாமல், அதன் மேற்சவ்விலிருந்து மொட்டு விட்டாற்போல் அது வெளிவருகிறது.

இவற்றுள் நமக்கு மிகவும் பயன்படக்கூடிய செய்தி ஜமைக்கா தீவிலிருந்து வந்தது. அத்தீவின் உப்பு நீர்க் குட்டைகளில் கிடைத்த வைரஸ்களை வெய்ஸ், டேனியல்ஸ் என்ற ஆராய்ச்சியாளர்கள் பல வருஷம் ஆராய்ந்தார்கள். அந்த வைரஸ்கள் தாக்கும் உயிர், தோலைச் சிவக்கச் செய்யும் அதே ‘குட்டிருப்ரம்’. உப்பு தெவிட்டி நிற்கும்வரை வைரஸின் உக்கிரம் தணிந்திருக்கிறது. உயிரும் வைரஸும் ஒருவகைச் சமாதானத்தில் காலம் தள்ளுகின்றன. மழை வந்து உப்பு நீர்த்ததும் வைரஸ் சீறி எழுகிறது. எப்படியும் மடியப்போகும் உயிரை அது தன் சந்ததிக்கு மூலதனம் ஆக்கிக்கொள்கிறது. ஆகவே உப்பு, தன்னிடம் அண்டிய உயிரை அதன் எதிரியிடமிருந்தும் காப்பாற்றுகிறது.

இந்த வைரஸ்களால் மனிதருக்குத் தீங்கு வருமோ என்று யாரும் கலங்க வேண்டியதில்லை. அவை ஆர்க்கியாவை மட்டுமே தாக்குபவை. அதிலும் ஒவ்வொன்றும் தனக்குரிய சில இனங்களையே தாக்கும். தோலை எடுத்து அடுக்கும் தொழிலாளியைத் தாக்கும் சக்தி அவற்றுக்கு இல்லை. அவன் உடம்புக்குத் தீங்கு செய்யும் பொருள்கள் தொழிற்சாலையில் வேறு உண்டு. அவற்றுக்கு வைரஸின்மீது பழி போட முடியாது.

உப்பளத்தில் கண்டெடுத்த கத்தரி

“உப்புக் கிருமியின் வைரஸை ஆராய்ந்து ஏழைக் குடியானவனுக்கு என்ன லாபம்?” என்று கேட்பவர்களுக்கு ஒரு சரித்திரத்தைச் சொல்லுவோம்.

ஸ்பெயினின் அலிகாந்தே நகரில் பிரான்சிஸ்கோ மொகிகா என்ற இளைஞர், சாந்தா போலா உப்பளத்தில் வாழும் ஆர்க்கியா ஒன்றின் பரம்பரைச் சரட்டைப் படித்துக்கொண்டிருந்தார். ஒரே எழுத்துத் தொடர், சீரான இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டு 1993-ஆம் வருஷத்தில் வெளியிட்டார். அதன் பொருள் அப்போது எவருக்கும் விளங்கவில்லை. பன்னிரண்டு வருஷம் கழித்து, 2005-ஆம் வருஷத்தில், அந்த இடைவெளிகளில் இருப்பவை நுண்ணுயிர்களைத் தாக்கும் வைரஸ் முதலியவற்றின் துணுக்குகள் என்று அவர் எடுத்துக் காட்டினார். ஒரு முறை தாக்கிய வைரஸின் அடையாளத்தை அந்த உயிர் தன் பரம்பரை ஏட்டில் குறித்து வைத்துக்கொள்கிறது. மறுமுறை அதே வைரஸ் வந்தால் அடையாளம் கண்டு வெட்டி எறிகிறது. குற்றவாளியின் கைரேகையைப் போலீசார் பதிந்து வைப்பது போன்ற ஏற்பாடு இது.

‘கிரிஸ்பர்’ என்று உலகம் இன்று அழைக்கும் கருவிக்கு இதுவே வேர். பாக்டீரியாவிலும் உள்ள இந்த வெட்டும் சக்தியை, வேண்டிய இடத்தில் வெட்டும் கத்தரியாகத் திருப்பலாம் என்று எம்மானுவேல் ஷார்ப்பான்டியே, ஜெனிபர் டவுட்னா என்ற இரு பெண்மணிகள் 2012-ஆம் வருஷத்தில் நிரூபித்தார்கள். 2020-ஆம் வருஷத்து ரஸாயன நோபல் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. 2025-ஆம் வருஷம் மே மாதத்தில் இந்திய விவசாய ஆராய்ச்சிக் கழகம், இந்த முறையில் திருத்தப்பட்ட இரண்டு நெல் வகைகளை அறிவித்தது. அவற்றுள் ‘பூசா டி.எஸ்.டி. 1’ என்பது வறட்சியையும் உவரையும் தாங்கும்பொருட்டு உண்டாக்கப்பட்டது.

உப்பளத்துச் சிற்றுயிர் ஒன்று தன் வைரஸோடு நடத்திய போரைப் பொறுமையாகக் கவனித்த ஒருவரின் உழைப்பிலிருந்து, உவர் நிலத்து நெல் வரையில் இந்தப் பாதை செல்கிறது. உடனடிப் பயனைக் கணக்குப் பார்த்து அந்த ஆராய்ச்சிக்குப் பணம் மறுத்திருந்தால், பாதை தொடக்கத்திலேயே அடைபட்டிருக்கும். உவர் பாய்ந்த நிலம் எங்கேயோ அயல் தேசத்தில் இல்லை. பாலாற்றங்கரையிலேயே இருக்கிறது.

உப்பு எங்கே போயிற்று?

நந்தி மலையில் பிறந்து, வாணியம்பாடிப் பக்கம் தமிழ் நாட்டுக்குள் நுழைந்து, வயலூருக்கு அருகே கடலில் கலக்கும் பாலாறு, வருஷத்தில் பெரும் பகுதி மணற்காடாகவே கிடக்கும். ஆனால் மணலுக்கு அடியில் ஓடும் ஊற்று, கரையோரக் கிராமங்களுக்கு ஜீவநாடி. தோலில் தேய்த்த உப்பு தொழிற்சாலைக்கு வந்ததும் முதல் வேலையாகக் கழுவப்படுகிறது. அந்த ஊறல் நீரும், பின்னர் பதனிடும்போது சேரும் ரஸாயனங்களும் பல்லாண்டு காலம் நிலத்திலும் ஆற்றிலும் விடப்பட்டன. மணல் வடிகட்டும் என்று எண்ணினார்கள் போலும். அழுக்கை மணல் வடிகட்டலாம். கரைந்த உப்பை எந்த மணலும் வடிகட்டாது.

வேலூர்க் குடிமக்கள் நலச் சங்கம் 1991-ஆம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட்டுக்குச் சென்றது. 1996-ஆம் வருஷம் ஆகஸ்டு 28-ந் தேதி கோர்ட்டார் தீர்ப்பளித்தார்கள். தோல் பிரதேசத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம், ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்குத் தகுதியற்றதாகிவிட்டது என்ற தமிழ்நாடு விவசாய சர்வகலாசாலை ஆராய்ச்சி நிலையத்தின் கணக்கு அத்தீர்ப்பில் இடம்பெற்றது. அசுத்தம் செய்தவனே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை இத்தேசத்தின் சட்டத்தில் அடங்கியது என்று கோர்ட்டார் கூறினர். தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்தனர். அதன்பின் 28 வருஷத்துக்கு மேல் சென்று, 2025-ஆம் வருஷம் ஜனவரி 30-ந் தேதி அதே கோர்ட்டார், நஷ்டமடைந்தவர்களுக்கு ஈடு கொடுக்கவும், மேற்பார்வைக்குக் குழு அமைக்கவும் மறுபடி உத்தரவிட நேர்ந்தது. ஒரே வழக்குக்கு ஒரு தலைமுறைக் காலம் ஆனது என்றால், குடியானவனின் கஷ்டத்துக்கு வேறு அத்தாட்சி தேவையில்லை.

இடைக்காலத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லுவது நியாயமாகாது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஏற்பட்டன. ஊறல் நீரைத் தனியே பிரித்துப் பாத்திகளில் வெயிலில் உலர்த்துகிறார்கள். மற்ற நீரை நுண்ணிய சவ்வுகளில் அழுத்தி வடித்து, எஞ்சியதைக் காய்ச்சி உப்பாக்கும் ஏற்பாடும் வந்திருக்கிறது. இவற்றுக்குப் பெருஞ் செலவாகிறது. சிறு முதலாளிக்கு அது பாரம் என்பதையும் ஒப்புக்கொள்ளுகிறோம். ஆனால் எத்தனை யந்திரம் வைத்தாலும் உப்பு அழிவதில்லை, இடம் மாறுகிறது. ஆற்றில் விடாத உப்பு பாத்தியில் குவிகிறது. அழுக்கும் ரஸாயனமும் கலந்த அந்த உப்பை உணவுக்கு எடுக்க முடியாது. மழையில் விட்டால் மீண்டும் பூமிக்குள் போகும்.

குவியும் கழிவு எவ்வளவு அபாயமானது என்பதை 2015-ஆம் வருஷம் ஜனவரி 31-ந் தேதி கண்டோம். இராணிப்பேட்டையில் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றின் கழிவுத் தொட்டிச் சுவர் நள்ளிரவில் இடிந்தது. அருகிருந்த தொழிற்சாலையில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பத்துப் பேர் கழிவு வெள்ளத்தில் சிக்கி மாண்டனர். பிழைப்புக்காக வங்காளத்திலிருந்து வந்தவர்கள் அவர்களில் மிகப் பலர். காலணியின் விலைச் சீட்டில் அந்தப் பத்து உயிர்களுக்கும் கணக்குக் கிடையாது.

வைரஸ் துணை செய்யுமா?

தோலைச் சிவக்கச் செய்யும் உயிரை அதன் வைரஸைக் கொண்டே ஒடுக்கினால் என்ன என்ற கேள்வி இயல்பாக எழும். முள்ளை முள்ளால் எடுக்கும் யோசனை இது. அதை நாம் வரவேற்கிறோம். ஆனால் ஜால வித்தையாக எண்ணி ஏமாறக் கூடாது. மூன்று தடைகள் உண்டு.

ஒரு வைரஸ் சில இனங்களையே தாக்கும்; தோலின்மீதோ பல இனங்கள் கலந்து வாழ்கின்றன. ஒன்றை ஒழித்தால் மற்றொன்று அவ்விடத்தைப் பிடித்துக்கொள்ளும். இது முதல் தடை. தாக்குதலிலிருந்து தப்பிய சில உயிர்கள் எதிர்ப்புச் சக்தி பெற்றுப் பெருகும் என்பது இரண்டாவது. மேலே சொன்ன கைரேகை ஏற்பாடு அவற்றுக்கு உண்டல்லவா? மூன்றாவது, உப்பு தெவிட்டிய நிலையில் அந்த வைரஸின் உக்கிரம் தணிந்துவிடுகிறது என்ற ஜமைக்கா முடிவு. தோல் அடுக்கில் உப்பு தெவிட்டித்தானே இருக்கிறது? ஆகவே எந்த உப்பு அளவில், எந்த வைரஸ் கூட்டு, எத்தனை நாள் வேலை செய்யும் என்பதை நம் ஊர்த் தோலிலும், நம் ஊர் வெப்பத்திலும், நம் கடற்கரை உப்பிலும் சோதித்தே அறிய வேண்டும். அயல் நாட்டுப் புஸ்தகத்தைப் பார்த்து எழுதும் விடை இங்கே செல்லாது.

இதே வைரஸ் விஷயத்துக்கு மறுபுறமும் உண்டு. சென்னை அண்ணா சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்களும் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்களும் கூடி, தோல் ஊறல் நீரை உப்பு விரும்பும் நுண்ணுயிர்களைக் கொண்டு சுத்தி செய்யும் முறையைச் சோதித்து 2005-ஆம் வருஷத்தில் வெளியிட்டார்கள். லிட்டருக்கு 34 கிராம் உப்புள்ள நீரில், ஐந்து நாள் வைத்திருந்து, பிராணவாயுவை விழுங்கும் அழுக்கில் 100-க்கு 95 பங்கை அகற்ற முடிந்தது. சாதாரணச் சாக்கடைக் கிருமிகள் திணறும் உப்பில் இவை வேலை செய்தன. உப்பு மிகுந்த தோல் கழிவு நீரில் வாழும் பாக்டீரியாவை ஆராய்ந்து 1 வருஷம் கழித்து வெளியான மற்றொரு கட்டுரையில், 377 மரபுத் தொடர்களை ஒப்பிட்டு 193 வகைகளைக் கணக்கிட்டார்கள். கழிவு என்று நாம் முகம் சுளிக்கும் நீரில் அவ்வளவு பெரிய உயிர் உலகம் இருக்கிறது.

இந்த உழைப்பாளி உயிர்களுக்கும் வைரஸ்கள் உண்டு. தொட்டியில் சுத்தி செய்யும் இனத்தை ஒரு வைரஸ் தாக்கி வீழ்த்தினால், காரணம் தெரியாமலே தொட்டியின் வேலை தளரக்கூடும். ஆகவே தோல் கிடங்கில் நண்பனாகக்கூடிய வைரஸ், சுத்திகரிப்புத் தொட்டியில் பகைவனாகலாம். இரண்டு இடத்துக்கும் வேண்டியது ஒன்றே: நம் உப்பு நீரில் யார் வாழ்கிறார்கள், யாரை யார் கொல்லுகிறார்கள் என்ற அறிவு.

நாம் வேண்டுவது

இந்த அறிவைத் தேடும் தகுதி நமக்கு இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. தோல் தொழிலுக்கென்றே 1948-ஆம் வருஷத்தில் சென்னை அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. வைரஸ் சாஸ்திரம் வேலூருக்குப் புதிதன்று. 1986-ஆம் வருஷத்தில், இத்தேசத்தில் எச்.ஐ.வி. பரவியிருப்பதை முதன்முதலாக வெளிப்படுத்திய ரத்தப் பரிசோதனை, வேலூர்க் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியின் பரிசோதனைச்சாலையில் நடந்தது. இன்று வேலூரிலேயே சர்வகலாசாலைகளும் இருக்கின்றன. ஆம்பூரின் ஊறல் நீரும் மரக்காணத்தின் உப்பும் அவற்றுக்குக் கூப்பிடு தூரத்தில் கிடக்கின்றன. வட துருவத்துக்கும் எரிமலைக்கும் போகாமலே, உயிர் வாழ அரிதான சூழ்நிலையை ஆராயும் பாக்கியம் நம் மாணவர்களுக்கு வாசலிலேயே கிடைத்திருக்கிறது. அந்தச் சூழ்நிலையை நாமே நம் கையால் உண்டாக்கினோம் என்பது வெட்கத்துக்குரியது. அதை ஆராயாமல் விட்டால் வெட்கம் இரட்டிப்பாகும்.

ஆயினும் ஆராய்ச்சி முடியும்வரை கைகட்டி இருக்கலாம் என்று நாம் சொல்லவில்லை. நோய்க்கு மூலம் உப்பின் அளவு. அதைக் குறைப்பதற்கு இன்றே வழிகள் உண்டு. தோலை ஊறப் போடுமுன் ஒட்டியிருக்கும் உப்பை உதறி எடுத்துவிட்டால், அவ்வளவும் நீரில் கரையாமல் மிஞ்சும். ஆட்டுத் தொட்டியிலிருந்து தொழிற்சாலைக்குத் தூரம் குறைவான இடங்களில், தோலைக் குளிர வைத்து உப்பில்லாமலே அன்றன்று கொண்டு சேர்க்கலாம். உப்பைக் குறைத்து வேறு காப்புப் பொருளைச் சேர்க்கும் முறைகளை ஆராய்ச்சி நிலையத்தார் சோதித்திருக்கிறார்கள். அவற்றை மண்டிவரை கொண்டுபோய்ச் சேர்ப்பது சர்க்காரின் கடமை. தோல் வாங்கும் அயல் நாட்டுக் கம்பெனிகள், சுத்தமான தோல் வேண்டும் என்று சான்றுப் பத்திரம் கேட்பதோடு நிற்காமல், சுத்தத்துக்கு ஆகும் செலவில் தங்கள் பங்கையும் விலையில் சேர்த்துத் தர வேண்டும். மலிவான காலணி அவர்களுக்கு, உவர்த்த கிணறு நமக்கு என்ற பங்கீடு இனியும் செல்லாது.

உப்பைக் குறைக்கும்போது சாதாரண அழுகல் கிருமிகள் தலையெடுக்கும் என்ற பயம் நியாயமானதே. இங்கேதான் மேற்சொன்ன ஆராய்ச்சி கைகொடுக்க வேண்டும். உப்பு எந்த அளவுக்கு இறங்கினால் சிவப்பு உயிர் தளர்ந்து அதன் வைரஸ் ஓங்கும், எந்த அளவுக்குக் கீழே அழுகல் தொடங்கும் என்ற இரண்டு எல்லைகளையும் கண்டால், இடையிலுள்ள வழியில் துணிந்து நடக்கலாம். இரண்டு மூன்று வருஷம் ஊக்கமாக உழைக்கக்கூடிய ஒரு சிறு குழுவும், மண்டிக்காரர்களின் ஒத்துழைப்பும் அதற்குப் போதும்.

1930-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்குத் தொண்டர்களோடு நடந்து சென்று உப்பு அள்ளினார். உப்பை எடுக்க உரிமை யாருக்கு என்பது அன்றைய கேள்வி. அந்தக் கேள்விக்கு நம் முன்னோர் சிறைவாசத்தால் விடை எழுதினார்கள். உப்பின் பாரத்தைச் சுமப்பது யார் என்பது பாலாற்றங்கரையில் இன்று எழுந்துள்ள கேள்வி. இதற்கு முதலாளியும், சர்க்காரும், விஞ்ஞானியும், தோல் வாங்கும் அயலாரும் பங்கு போட்டுக்கொண்டு பதில் சொல்ல வேண்டும். இதுவரையில் தொழிலாளியும் குடியானவனுமே அந்தப் பாரம் முழுவதையும் சுமந்து வந்திருக்கிறார்கள். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் வேலூரிலும் உள்ள நம் தொண்டர்கள், அடுத்த கூட்டத்தில் இவ்விஷயத்தை எடுத்துப் பேசி, தங்கள் ஊர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேரும் உப்பின் அளவையும், அது கிடக்கும் இடத்தையும் பகிரங்கமாக வெளியிடும்படி அதிகாரிகளைக் கேட்பார்களாக.